ரூ.20,000 பட்ஜெட்... பழைய கேமிங் கம்ப்யூட்டரில் எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது?

“அக்கா, இருபதாயிரம் சேத்து வச்சிருக்கேன். கடையில கேட்டா மொத்தத்தையும் மாத்தணும், எழுபதாயிரம் ஆகும்ங்காங்க. நெசமாவா?”

திருநெல்வேலியில் இருக்கும் சித்தி பையன் போனில் கேட்ட கேள்வி இது. அவனிடம் இருப்பது 2018-ல் காலேஜ் சேர்ந்தபோது வீட்டில் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர். இன்டெல் ஐ5-8400 பிராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பகலில் அதில்தான் வீடியோ எடிட்டிங் வேலை, இரவில் வாலரன்ட். அதாவது, கேம் ஆடும் மெஷின் மட்டுமல்ல, வருமானம் தரும் மெஷினும் அதுதான்.

இதே கேள்வி நம்மில் பலருக்கும் இருக்கும். முதல் சம்பளத்திலோ, ஃப்ரீலான்ஸ் காசிலோ பழைய கம்ப்யூட்டரைக் கொஞ்சம் தேற்றிவிடலாம் என்று நினைத்திருப்போம். ஆனால், 2025 கடைசியில் இருந்து மார்க்கெட் நிலவரமே மாறிவிட்டது. “முதல்ல ராம் போடுங்க, அது சீப்” என்று இத்தனை நாள் சொல்லிவந்த அட்வைஸ் இப்போது அப்படியே செல்லாது. என்ன நடந்தது, இந்த நேரத்தில் 20 ஆயிரம் ரூபாயை எப்படிச் செலவு செய்வது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ராம் விலை ஏன் இப்படி ஏறியது?

உலகில் தயாராகும் டிராம் மெமரி சிப்களில் பெரும்பகுதி மூன்றே நிறுவனங்களிடம் இருந்து வருகிறது: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். இந்த மூன்றுக்கும் இப்போது பெரிய வாடிக்கையாளர் நாம் அல்ல. ஏஐ டேட்டா சென்டர் கட்டுபவர்கள்.

ஏஐ சிப்களுக்கு ஹெச்பிஎம் என்ற தனி வகை மெமரி தேவை. ஒரு ஜிபி ஹெச்பிஎம் தயாரிக்க, ஒரு ஜிபி டிடிஆர்5 ராமுக்குத் தேவைப்படுவதைப்போல சுமார் மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் வேண்டும். லாபமும் அதில்தான் அதிகம். தொழிற்சாலை அதேதான், இயந்திரங்களும் அவைதான் எனும்போது, நம் ராமுக்கு மிஞ்சுவது குறைகிறது.

2025 அக்டோபர் 1 அன்று, ஓபன்ஏஐ தனது ஸ்டார்கேட் திட்டத்துக்காக சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ் இரண்டுடனும் கைகோத்தது. மாதம் 9 லட்சம் வேஃபர் வரை உற்பத்தியை உயர்த்துவது இலக்கு என்று அறிவித்தார்கள். அடுத்து டிசம்பர் 3 அன்று மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு ராம், எஸ்எஸ்டி விற்கும் தனது ‘குரூஷியல்’ பிராண்டை மூடுவதாகச் சொன்னது. ஏறக்குறைய 30 ஆண்டுகளாகக் கடைகளில் பார்த்துப் பழகிய பெயர் அது.

விளைவு? 2025 செப்டம்பர் வாக்கில் அமெரிக்கக் கடைகளில் 100 டாலர் ரேஞ்சில் கிடைத்த 32 ஜிபி டிடிஆர்5 கிட், டிசம்பரில் 300 டாலரைத் தாண்டியது. அதே டிசம்பரில் ஒரு டாலரின் மதிப்பு 90 ரூபாயைக் கடந்தது. இறக்குமதியை நம்பி இருக்கும் நமக்கு இரண்டு பக்கமும் அடி.

‘நான் வச்சிருக்கிறது பழைய டிடிஆர்4 தானே, எனக்கென்ன?’ என்று கேட்கலாம். டிடிஆர்4 உற்பத்தியையும் இந்த நிறுவனங்கள் குறைத்துக்கொண்டே வருகின்றன. அதனால் அதன் விலையும் ஏறியிருக்கிறது.

இதில் நமக்கு என்ன கணக்கு இருக்கிறது?

முக்கியமான பாயின்ட் இதுதான். இன்று மொத்தமாக மாற்றினால், ஏஎம்டியின் புதிய ஏஎம்5 பிளாட்ஃபார்மில் டிடிஆர்5 ராம் மட்டும்தான் வேலை செய்யும். பழைய ராமை அதில் பொருத்தவே முடியாது. ஆக, புது பிராசஸர், புது மதர்போர்டு, அதோடு உச்ச விலையில் இருக்கும் புது ராம் என மூன்றும் சேர்ந்து பில்லில் ஏறும்.

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் டிடிஆர்4 ராம்தான் இப்போது உங்கள் சொத்து. அதை விட்டுக்கொடுக்காமல், மதர்போர்டை மாற்றாமல், எந்த ஒரு பாகம் கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிக்கிறதோ அதை மட்டும் மாற்றுவதுதான் இந்த சீசனுக்கான வழி.

விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவதால் இங்கே விலைப்பட்டியல் தரவில்லை. எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதைத் தருகிறோம்.

படி 1: காசு செலவில்லாத வேலைகள்

பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் கேபினெட்டைத் திறங்கள்.

* தூசி: ஏழு வருடத் தூசி ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் அடைத்திருந்தால், சூடு தாங்காமல் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

* மானிட்டர் கேபிள்: சிரிக்காதீர்கள், இந்தத் தப்பு நிறையப் பேர் வீட்டில் நடக்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகி வைத்துவிட்டு, ‘கிராபிக்ஸ் கார்டு வேஸ்ட்’ என்று புலம்புவார்கள். கேபிள் கிராபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்க வேண்டும்.

* ரெஃப்ரெஷ் ரேட்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் செட்டிங்ஸில் 60-லேயே விட்டிருப்பவர்களும் உண்டு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒருமுறை பாருங்கள்.

* ராம் வேகம்: 3200 என்று வாங்கிய ராம், பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்யாததால் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் காட்டும். உங்கள் போர்டு எவ்வளவு வரை அனுமதிக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

* அப்ஸ்கேலிங்: கேம் செட்டிங்ஸில் எஃப்எஸ்ஆர் இருந்தால் ஆன் செய்து பாருங்கள். குறைந்த ரெசல்யூஷனில் படத்தை உருவாக்கி, அதைப் பெரிதாக்கிக் காட்டும் டெக்னிக் இது. பழைய ஜிடிஎக்ஸ் கார்டுகளிலும் வேலை செய்யும்.

படி 2: பாட்டில்நெக் எங்கே?

டாக்டர் டெஸ்ட் எடுக்காமல் மருந்து எழுதுவதில்லை. இங்கேயும் அப்படித்தான். கேமை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரையோ, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளையோ திறந்து கவனியுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு பயன்பாடு தொடர்ந்து 95 - 99 சதவீதத்தில் இருந்தால், தடை கிராபிக்ஸ் கார்டில். ராம் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது, கேம் விட்டுவிட்டு உறைகிறது என்றால் ராம் போதவில்லை. டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, மேப் லோடாக நேரமாகிறது என்றால் ஹார்டு டிஸ்க்தான் பிரச்சினை.

பிராசஸரில் மட்டும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மொத்தப் பயன்பாடு 50 சதவீதம்தான் என்று காட்டினாலும், ஒரே ஒரு கோர் முழுக்க மாட்டிக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய டெஸ்ட்: கேமின் ரெசல்யூஷனை 1080பி-யில் இருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாகக் கூடினால், திணறியது கிராபிக்ஸ் கார்டு. பெரிதாகக் கூடவில்லை என்றால், பிராசஸரோ ராமோதான் பிடித்து இழுக்கிறது.

இந்த அரை மணி நேர வேலை, பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

படி 3: எதை, எப்போது மாற்றுவது?

எஸ்எஸ்டி: இன்னும் ஹார்டு டிஸ்க்கில் இருந்தே விண்டோஸ் ஓடுகிறதா? வேறு யோசனையே வேண்டாம், முதல் செலவு இதுதான். ஸ்டார்ஃபீல்டு எஸ்எஸ்டி கட்டாயம் என்று சொல்லித்தான் வெளியானது. சைபர்பங்க் 2077 பிற்பாடு வந்த அப்டேட்டில் ஹார்டு டிஸ்க்கைக் கைவிட்டது. மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் இல்லையென்றால் சாட்டா எஸ்எஸ்டி போதும். ஹார்டு டிஸ்க்கில் இருந்து வருபவர்களுக்கு அதுவே பெரிய பாய்ச்சல்.

ராம்: 8 ஜிபி ஒற்றை ஸ்டிக் இருந்தால், இன்னொரு 8 ஜிபி சேர்ப்பது இன்றைய விலையிலும் நியாயம். அளவு கூடுவதோடு, இரண்டு ஸ்டிக்குகள் டூயல் சேனலில் சேர்ந்து ஓடும்போது டேட்டா போகும் பாதை இரட்டிப்பாகும். ஏற்கெனவே 16 ஜிபி இருந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 32-க்குப் போக வேண்டிய காலம் இதுவல்ல.

கிராபிக்ஸ் கார்டு: பட்ஜெட்டில் பெரும்பகுதி போகிற இடம், ஏமாறுகிற இடமும் இதுதான். முதலில் பார்க்க வேண்டியது கார்டை அல்ல, எஸ்எம்பிஎஸ்ஸை. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுத்த லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸில் ‘450 வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஸ்டிக்கரை நம்பிப் பெரிய கார்டு போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாமல், போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

எஸ்எம்பிஎஸ் மாற்ற பட்ஜெட் இல்லையென்றால், தனி பவர் கேபிள் கேட்காத கார்டு பார்க்கலாம். ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாடல் அப்படிப்பட்டது, 70 வாட்ஸ்தான். ஆனால் கவனம்: ஆர்டிஎக்ஸ் 3050 8 ஜிபி என்பது வேறு கார்டு. அதில் கோர்களும் அதிகம், மின்தேவையும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

நல்ல பிராண்டட் எஸ்எம்பிஎஸ் இருந்தால், ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்டுகளை யோசிக்கலாம். வேறு இரண்டு பொறிகளும் இருக்கின்றன. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பிசிஐஇ லேன்களில் ஓடுவது. பிசிஐஇ 3.0 இருக்கும் பழைய போர்டில் அதன் வேகம் குறையும். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி என்று ஆசை காட்டும். ஆனால் அதற்கு ரீசைஸபிள் பார் வசதி வேண்டும், பழைய பிராசஸரோடு அது சோபிக்காது.

பிராசஸர்: இங்கே அதிர்ஷ்டசாலிகள், ஏஎம்டி ஏஎம்4 போர்டு வைத்திருப்பவர்கள். 2017-ல் ரைசன் 5 1600 வாங்கியவர், அதே பி350 போர்டில் பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5 5600 வரை போக முடியும். உங்கள் போர்டு மாடலுக்கு அந்த அப்டேட் வந்திருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்துவிட்டு, பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். கழற்றிய பிறகு செய்ய முடியாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்டெல்காரர்களுக்கு இந்த வசதி குறைவு. 6, 7-வது தலைமுறை போர்டும் 8-வது தலைமுறை பிராசஸரும் ஒரே எல்ஜிஏ 1151 சாக்கெட் என்றுதான் பெயர், ஆனால் ஒன்றில் மற்றது ஓடாது. 8-வது தலைமுறை ஐ5 வைத்திருப்பவர்கள், செகண்ட் ஹேண்ட் ஐ7-8700, ஐ7-9700 வரை பார்க்கலாம். போர்டையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், 12-வது தலைமுறை ஐ3-12100எஃப் போன்ற பிராசஸர்களுக்கு டிடிஆர்4 மதர்போர்டுகள் உண்டு. பழைய ராமை அப்படியே கொண்டுபோகலாம்.

விண்டோஸ் 10, ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ்: அவசரமாக மாற்ற வேண்டுமா?

2025 அக்டோபரில் இரண்டு கதவுகள் மூடின. விண்டோஸ் 10-க்கான ஆதரவு அக்டோபர் 14-ல் முடிந்தது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 உள்ளிட்ட பாஸ்கல் தலைமுறை கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதையும் என்விடியா அந்த மாதத்தோடு நிறுத்திக்கொண்டது.

இரண்டுமே ‘இன்றே தூக்கிப் போடு’ என்று அர்த்தமல்ல. பாஸ்கல் கார்டுகளுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2028 அக்டோபர் வரை வரும். இப்போது ஆடும் கேம்கள் தொடர்ந்து ஓடும். விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணம் இல்லாமலே சேரலாம். நெட் பேங்கிங், வாடிக்கையாளர் ஃபைல்கள் எல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான் என்றால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-வது தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 சீரிஸ் முதல் அனுமதி. “டிபிஎம் இல்லை” என்று மெசேஜ் வந்தால் பயப்பட வேண்டாம். பல போர்டுகளில் அது பயாஸில் ஆஃப் ஆகி இருக்கும், அவ்ளோதான். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடி ஆன் செய்யுங்கள்.

இது வெறும் விண்டோஸ் பிரச்சினையும் இல்லை. விண்டோஸ் 11-ல் வாலரன்ட் ஆட டிபிஎம், செக்யூர் பூட் இரண்டும் வேண்டும். பேட்டில்ஃபீல்டு 6-ம் இவற்றைக் கேட்கிறது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்றவை ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் ஓடாது. ஆகவே, ‘எந்த கேம் ஆடப் போகிறேன்?’ என்பதற்கான பதில்தான் உங்கள் பட்ஜெட்டை முடிவு செய்யும். வாலரன்ட், சிஎஸ் 2 மட்டும் ஆடுபவருக்கும், புதுப் புது சிங்கிள் பிளேயர் கேம் ஆடுபவருக்கும் ஒரே அட்வைஸ் பொருந்தாது.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு இரண்டிலும் பழைய பாகங்களுக்கென்றே கடைகள் உண்டு. ராம், பிராசஸர் இரண்டும் பழையது வாங்குவதில் ரிஸ்க் குறைவு. அவற்றில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. ராமை மட்டும் வீட்டுக்கு வந்ததும் மெம்டெஸ்ட்86 போட்டு ஓர் இரவு ஓடவிடுங்கள். பழைய எஸ்எம்பிஎஸ், பழைய எஸ்எஸ்டி இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

கிராபிக்ஸ் கார்டில் கவனிக்க வேண்டியவை:

* 2022 செப்டம்பரில் எத்திரியம் தன் முறையை மாற்றிய பிறகு, மைனிங்கில் மாதக்கணக்கில் ஓடிய கார்டுகள் மார்க்கெட்டுக்கு வந்தன. அதனாலேயே அவை கெட்டவை என்று அர்த்தமில்லை. ஃபேன் சத்தம், சூடு, திரையில் கோடு, புள்ளி எதுவும் வருகிறதா என்று கடையிலேயே 15 நிமிடமாவது லோடு கொடுத்துப் பாருங்கள். ‘ஓடுது பாருங்க’ என்று டெஸ்க்டாப்பை மட்டும் காட்டினால் போதாது.

* ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை பென்டிரைவில் கொண்டுபோங்கள். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புது பெயரில் விற்பது நடக்கிறது. போலி என்றால் பல நேரம் இது காட்டிக்கொடுக்கும்.

* ‘ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி’ என்பது பெயரில்தான் 580, உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 570-ன் கோர்கள்.

* “பில் வேண்டாம்னா கம்மி பண்ணித் தர்றேன்” என்பார்கள். புதுப் பாகத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் பில் இல்லாமல் வாரன்டி கேட்கப் போனால், நிற்க இடமிருக்காது. பழைய பொருளுக்குக்கூட, சீரியல் எண் எழுதிய துண்டுச் சீட்டும் ஒரு வாரம் டெஸ்டிங் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள்.

எப்போது செலவே செய்யக் கூடாது?

4-வது தலைமுறை இன்டெல்லோ அதற்கு முந்தையதோ, டிடிஆர்3 ராமோடு இருந்தால், அதற்குள் பெரிய காசு போடாதீர்கள். விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை, ராமும் அடுத்த போர்டுக்கு வராது. ஒரு எஸ்எஸ்டி போட்டுச் சமாளித்து, மீதியைச் சேமியுங்கள்.

குழப்பமாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘நான் வாங்கப்போகும் இந்தப் பாகம், அடுத்த கம்ப்யூட்டருக்கும் என்கூட வருமா?’ எஸ்எஸ்டி வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் வரும். கிராபிக்ஸ் கார்டு வரும். இவற்றில் போட்ட காசு வீணாகாது. பழைய சாக்கெட் பிராசஸரும் பழைய ராமும் அந்த போர்டோடு நின்றுவிடும். அவற்றில் எவ்வளவு குறைவாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, தம்பி கம்ப்யூட்டர் என்ன ஆச்சு?

வீடியோ காலிலேயே கேபினெட்டைத் திறக்கச் சொன்னேன். சிபியு ஃபேனில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. ராம் ஒற்றை ஸ்டிக். வாலரன்ட் ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு 60 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. டிஸ்க்தான் 100-ல் முட்டிக்கொண்டு நின்றது. அவன் மாற்ற நினைத்ததோ கிராபிக்ஸ் கார்டை!

ஒரு எஸ்எஸ்டி, செகண்ட் ஹேண்டில் ஒரு 8 ஜிபி ராம் ஸ்டிக், ஒரு டியூப் தெர்மல் பேஸ்ட். சேர்த்து வைத்திருந்ததில் பாதிகூட ஆகவில்லை. பயாஸில் பிடிடி ஆன் செய்து விண்டோஸ் 11-ம் போட்டாகிவிட்டது. எடிட்டிங் மென்பொருள் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரும் பழக்கம் போய்விட்டது என்கிறான். புது கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு வேண்டும்தான். அதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டும். அந்த இரண்டுக்குமான காசு இப்போது அவன் அக்கவுன்ட்டில் இருக்கிறது.

“கடைக்காரரு எழுபதாயிரம்னு சொன்னதும் ஈஎம்ஐ போட்டுரலாம்னு நெனச்சேன்க்கா” என்றான் கடைசியில். மெமரி விலை எப்போது இறங்கும் என்பது நம் கையில் இல்லை. தடை எங்கே என்று பார்க்கும் அரை மணி நேரம் நம் கையில் இருக்கிறது. ஈஎம்ஐ ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் அதைச் செய்துவிடுங்கள்.